ஐ.வி.ஐ.ஜி. ஏற்றும்போது நடுக்கம் வந்தால் மருந்து 'ஒத்துக்கல' என்று அர்த்தமா?

2025 ஜனவரியில் மகாராஷ்டிர மாநிலம் புனேயில், சிங்காட் சாலையை ஒட்டிய பகுதிகளில் இருந்து ஒரே மாதிரியான நோயாளிகள் அடுத்தடுத்து மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். பலருக்கும் முதலில் வயிற்றுப்போக்கு. சில நாட்களில் கால் மரத்து, நடை தள்ளாடி, எழுந்து நிற்கவே முடியாத நிலை. கில்லன் பாரே சிண்ட்ரோம், சுருக்கமாக ஜி.பி.எஸ். பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது. அந்த வாரங்களில் டிவி விவாதங்களிலும் வாட்ஸ்அப் குரூப்களிலும் ஒரு மருந்தின் பெயர் திரும்பத் திரும்ப அடிபட்டது: ஐ.வி.ஐ.ஜி. அதாவது, நரம்பு வழியாக ஏற்றப்படும் இம்யூனோகுளோபுலின்.

பேச்சு முழுக்க விலையைப் பற்றியே இருந்தது. அதில் தப்பில்லை, லட்சங்களில் செலவு வைக்கும் மருந்து அது. ஆனால், ஏற்றத் தொடங்கிய அரை மணி நேரத்தில் நோயாளிக்குக் குளிர் எடுத்து உடம்பு உதறினால் என்ன அர்த்தம், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. நம்மூர் வார்டுகளிலும் இதே கதைதான். வாங்குவதற்கு நகையை அடகு வைத்த குடும்பத்துக்கு, அந்த மருந்து உள்ளே போகும்போது என்னவெல்லாம் நடக்கலாம் என்று உட்கார்ந்து சொல்ல ஆள் கிடைப்பதில்லை.

இதனால் இரண்டு விதத் தவறுகள் நடக்கின்றன. சாதாரண நடுக்கத்தைப் பார்த்துப் பயந்து, "மருந்து ஒத்துக்கல, நிறுத்திடுங்க" என்று உயிர் காக்கும் சிகிச்சையையே கைவிடுவது ஒன்று. "இந்த மருந்துக்கு இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, உண்மையிலேயே ஆபத்தான அறிகுறியைத் தட்டிக்கழிப்பது இன்னொன்று. இரண்டாவது தவறு ஆளையே கொல்லும். முதல் தவறு சத்தமில்லாமல் அதே வேலையைச் செய்யும்.

அந்தக் குப்பிக்குள் என்ன இருக்கிறது?

இது தொழிற்சாலையில் வேதிப்பொருட்களைக் கலந்து செய்யும் மருந்து இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தானமாகக் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவை ஒன்றாகச் சேர்த்து, அதிலிருந்து ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருளை மட்டும் பிரித்து எடுக்கிறார்கள். விலை ஏன் அதிகம், அடிக்கடி ஏன் தட்டுப்பாடு வருகிறது என்பதற்கெல்லாம் பதில் இதில்தான் இருக்கிறது.

1952-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், அடிக்கடி தொற்றில் விழுந்த 8 வயதுச் சிறுவன் ஒருவனின் ரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள் இல்லவே இல்லை என்று கண்டுபிடித்தார். தோலுக்கு அடியில் ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார், தொற்றுகள் குறைந்தன. இதை நேரடியாக நரம்பில் ஏற்றலாமே என்று ஆரம்ப காலத்தில் முயன்றபோது கடுமையான எதிர்வினைகள் வந்தன. எதிர்ப்பொருள் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகளாகி, உடம்பின் தற்காப்பு அமைப்பை உசுப்பிவிட்டதே அதற்கு முக்கியக் காரணம். சுத்திகரிப்பு முறைகள் மேம்பட்ட பிறகுதான் நரம்பு வழி மருந்து சாத்தியமானது. 1981-ல் சுவிட்சர்லாந்தின் பால் இம்பாக், ரத்தத் தட்டணுக்கள் குறையும் ஐ.டி.பி. நோயுள்ள குழந்தைகளுக்கு இது பலன் தருவதைக் காட்டினார். குறைபாட்டை ஈடுகட்டும் மருந்தாக இருந்தது, அதன் பிறகு உடம்பு தன்னையே தாக்கும் நோய்களுக்கான மருந்தாகவும் ஆனது. ஜி.பி.எஸ். நோய்க்கு இது பிளாஸ்மா மாற்று சிகிச்சைக்கு இணையாக வேலை செய்யும் என்பதை 1992-ல் நெதர்லாந்து ஆய்வு காட்டியது.

பக்கவிளைவுகளைப் புரிந்துகொள்ள அளவைப் பற்றித் தெரிய வேண்டும். பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாடு உள்ளவர்களுக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, உடல் எடையில் கிலோவுக்கு 0.4 முதல் 0.6 கிராம் வரை கொடுப்பது வழக்கம். ஜி.பி.எஸ். போன்ற நோய்களுக்கு மொத்தம் கிலோவுக்கு 2 கிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 120 கிராம் ஆகிறது. 5 கிராம் குப்பிகள் என்றால் 24. 5 சதவீதக் கரைசலாக இருந்தால் கிட்டத்தட்ட இரண்டரை லிட்டர் திரவம். பொதுவாக இதை 5 நாட்களில் பிரித்து ஏற்றுவார்கள். இவ்வளவு புரதமும் திரவமும் ரத்தத்துக்குள் போகும்போது உடம்பு எதுவும் சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முதல் ஒரு மணி நேரம்

பெரும்பாலான எதிர்வினைகள் ஏற்றத் தொடங்கிய முதல் அரை மணி, ஒரு மணி நேரத்திலேயே தலைகாட்டும். குளிர், நடுக்கம், காய்ச்சல், தலைவலி, முகம் சிவப்பது, முதுகுவலி, குமட்டல். முதல் முறை ஏற்றிக்கொள்பவர்களுக்கும், நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்ப ஆரம்பிப்பவர்களுக்கும், அந்த நேரத்தில் உடம்பில் தொற்று இருப்பவர்களுக்கும், பிராண்ட் மாறியவர்களுக்கும் இது வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.

இவற்றில் பெரும்பகுதி அலர்ஜி இல்லை. எவ்வளவு வேகமாக உள்ளே போகிறது என்பதோடு நேரடியாகத் தொடர்புடையவை. அதனால் முதல் சிகிச்சையும் எளிது: வேகத்தைக் குறைப்பது, தேவைப்பட்டால் கொஞ்ச நேரம் நிறுத்துவது. பாராசிட்டமால், அவில் மாதிரியான அலர்ஜி மருந்து, சிலருக்கு ஹைட்ரோகார்டிசோன் கொடுத்து, உடம்பு அடங்கியதும் குறைந்த வேகத்தில் மறுபடி ஆரம்பிக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு மீதி மருந்து பிரச்சினை இல்லாமல் ஏறிவிடும். ஒருமுறை இப்படி ஆனவர்களுக்கு, அடுத்த முறை ஏற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பே இந்த மருந்துகளைக் கொடுத்துவிடுவதும் உண்டு.

சிக்கல் வேகத்தில்தான் ஆரம்பிக்கிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு முதல் அரை மணி நேரம், மணிக்கு 25 முதல் 30 மில்லி என்ற நத்தை வேகத்தில் தொடங்கி, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், காய்ச்சல் பார்த்துப் பார்த்துப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். எந்தப் பிராண்டுக்கு எவ்வளவு என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். வார்டில் நடப்பது வேறு. டே கேர் மாலையில் மூடிவிடும், அடுத்த நோயாளிக்கு பெட் வேண்டும், ஊருக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். "கொஞ்சம் ஸ்பீடா விடுங்க சிஸ்டர்" என்று கேட்பது பல நேரம் குடும்பத்தினரே. சிஸ்டர் வேறு பெட்டில் இருக்கும்போது, ட்ரிப்ஸ் ரோலரைத் தாங்களே திருகிவிடும் உறவினர்களும் உண்டு. குளுக்கோஸ் பாட்டிலில் செய்தாலும் தப்புதான், இதில் செய்வது விபரீதம். இன்ஃபியூஷன் பம்ப் இருக்கும் இடங்களில் இந்தத் தொல்லை குறைவு. இல்லாத இடத்தில், முதல் ஒரு மணி நேரமாவது ஒரு செவிலியர் அருகிலேயே இருப்பதுதான் ஒரே மாற்று. லட்சக்கணக்கில் மருந்துக்குக் கொடுக்க வைத்துவிட்டு, அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆள் ஒதுக்க முடியாது என்று ஒரு மருத்துவமனை சொல்வதை ஏற்க முடியாது.

ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த குப்பியை அப்படியே ஜில்லென்று ஏற்றக் கூடாது, அறை வெப்பநிலைக்கு வர விட வேண்டும். அவசரம் என்று சுடுதண்ணீரில் வைப்பதும் குலுக்குவதும் புரதத்தைக் கெடுக்கும்.

எப்போது இது சாதாரண விஷயம் இல்லை? மூச்சு இழுக்கிறது, நெஞ்சு இறுகுகிறது, தொண்டை அடைக்கிறது, உதடு வீங்குகிறது, ரத்த அழுத்தம் சட்டென்று சரிகிறது என்றால் அது அனாஃபிலாக்சிஸ் எனும் தீவிர ஒவ்வாமை. அங்கே வேகத்தைக் குறைக்கும் பேச்சே இல்லை. உடனே நிறுத்தி, தொடையில் அட்ரினலின் ஊசி போட வேண்டும். இது அரிது. ஐ.ஜி.ஏ. என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருள் பிறவியிலேயே இல்லாத, அதற்கு எதிரான ஆன்டிபாடி உருவாகியிருக்கும் சிலருக்கு இந்த ஆபத்து கூடுதல். முன்பு ரத்தம் ஏற்றியபோது கடுமையான அலர்ஜி வந்திருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது இதனால்தான்.

ஆகவே, நடுக்கம் வந்த நோயாளியின் கேஸ் ஷீட்டில் 'அலர்ஜி' என்று ஒற்றை வார்த்தையில் எழுதுவது பெரிய அநியாயம். அடுத்த முறை வேறொரு மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு இந்த மருந்தே வேண்டாம் என்று ஒதுக்கிவிடலாம். என்ன நடந்தது, எந்த வேகத்தில் நடந்தது, என்ன கொடுத்த பிறகு அடங்கியது என்று நாலு வரி எழுதினால் போதும்.

பழி மருந்து மேல், காரணம் நோய்

ஜி.பி.எஸ். நோயாளிகளின் குடும்பங்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். மருந்து ஆரம்பித்த இரண்டாம், மூன்றாம் நாளில் பலவீனம் கூடலாம். நடக்க முடியாமல் இருந்தவருக்குக் கையும் தூக்க முடியாமல் போகலாம். "நல்லா இருந்தவரை இந்த ஊசி போட்டுக் கெடுத்துட்டாங்க" என்ற வார்த்தை அங்கேதான் வருகிறது. ஜி.பி.எஸ். தொடங்கியதில் இருந்து 4 வாரங்கள் வரைகூட ஏறுமுகத்தில் இருக்கக்கூடிய நோய். ஐ.வி.ஐ.ஜி. ஸ்விட்ச் போட்டதுபோல அதை நிறுத்தாது, மீள்வதை விரைவுபடுத்தும். ரத்த அழுத்தம் ஏறி இறங்குவதும் இந்த நோயாலேயே வரக்கூடியது. மருந்தையும் நோயையும் பிரித்துப் பார்ப்பது மருத்துவர்களுக்கே சவால். அதை முன்கூட்டியே குடும்பத்திடம் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது.

குழந்தைகளுக்கு வரும் கவாசாகி நோயில் காய்ச்சலுக்கே இரண்டு அர்த்தம். இந்த நோயில் இதயத்தின் ரத்தக்குழாய்கள் வீங்கலாம். சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு இது நேரலாம். காய்ச்சல் தொடங்கிய 10 நாட்களுக்குள் கிலோவுக்கு 2 கிராம் மருந்தை 10, 12 மணி நேரத்தில் ஒரே தடவையாக ஏற்றினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. ஏற்றும்போதோ, முடிந்த சில மணி நேரத்திலோ வரும் காய்ச்சல் மருந்தின் விளைவாக இருக்கலாம். ஏற்றி முடித்து 36 மணி நேரம் கடந்தும் காய்ச்சல் நீடித்தாலோ திரும்பி வந்தாலோ, நோய் அடங்கவில்லை, அடுத்த கட்ட சிகிச்சை தேவை என்று பொருள். எத்தனை மணிக்கு ஏற்றி முடித்தார்கள் என்பதை அம்மாவோ அப்பாவோ குறித்து வைத்துக்கொள்வது இங்கே உண்மையிலேயே உதவும்.

வீட்டுக்குப் போன பிறகு

டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் அடுத்த இடறல். இந்த மருந்தின் கவனிக்க வேண்டிய விளைவுகள் சில, மருத்துவமனை வாசலைத் தாண்டிய பிறகே வருகின்றன.

முதலில் தலைவலி. அடுத்த ஓரிரு நாட்களுக்கு இது பலருக்கும் வரும், குறிப்பாக மைக்ரேன் உள்ளவர்களுக்கு. தண்ணீர், ஓய்வு, பாராசிட்டமால் போதும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டைக்ளோஃபினாக் போன்ற பெயின் கில்லர் வாங்கிப் போடுவது வேண்டாம்; சிறுநீரகத்துக்கு ஏற்கெனவே சுமை கூடியிருக்கும் நேரம் இது.

ஆனால் தலையே பிளப்பது போல வலித்து, கழுத்தைக் குனிய முடியாமல், வெளிச்சம் பார்த்தால் கண் கூசி, வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கிருமி எதுவும் இல்லாமலேயே மூளை உறையில் அழற்சி வரும் 'அசெப்டிக் மெனிஞ்சைட்டிஸ்' ஆக இருக்கலாம். மருந்து ஏற்றிய சில மணி நேரத்தில் இருந்து 2 நாட்களுக்குள் தொடங்கும். அதிக டோஸ் போட்டவர்களுக்கு வாய்ப்பு அதிகம். பெயர் பயமுறுத்தினாலும், சில நாட்களில் தடம் இல்லாமல் சரியாகிவிடுவதே வழக்கம். மற்றவர்களுக்குத் தொற்றாது. இருந்தாலும் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலும் இதே அறிகுறிகளோடுதான் வரும் என்பதால், எது என்று மருத்துவர்தான் முடிவு செய்ய முடியும். நடுராத்திரி எமர்ஜென்சியில் இருக்கும் டியூட்டி டாக்டருக்கு, இவர் நேற்று முன்தினம் ஐ.வி.ஐ.ஜி. போட்டவர் என்று தெரியவே தெரியாது. அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொண்டு போங்கள்.

இன்னொன்று ரத்தச் சிவப்பணுக்கள் உடைவது. பலரின் பிளாஸ்மாவைச் சேர்த்துச் செய்த மருந்து என்பதால், ஏ, பி ரத்த வகைகளுக்கு எதிரான ஆன்டிபாடிகளும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும். ஓ வகைக்காரர்களுக்கு இதனால் பிரச்சினை இல்லை. ஏ, பி, ஏபி வகைக்காரர்கள் அதிக டோஸ் எடுத்தால், அடுத்த 10 நாட்களுக்குள் சிவப்பணுக்கள் உடையலாம். சிறுநீர் கட்டன் காபி நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குவது இதன் அடையாளங்கள். பெரிய டோஸ் போட்டவர்களுக்கு அடுத்த சில நாட்களில் ஒருமுறையும், வாரம் பத்து நாளில் ஒருமுறையும் ஹீமோகுளோபின் பார்ப்பது நல்லது. பெரிய செலவில்லாத அந்தப் பரிசோதனையை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கொடுப்பதில் என்ன கஷ்டம் என்று தெரியவில்லை.

ஓரிரு வாரம் கழித்து உள்ளங்கையில் கொப்புளமும் அரிப்பும் தோல் உரிதலும் வருவது சிலருக்கு உண்டு. தோல் மருத்துவரிடம் காட்டினால் களிம்பில் அடங்கும்.

ரத்தக்கட்டி, சிறுநீரகம், சர்க்கரை மீட்டர்

2013-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., எல்லா இம்யூனோகுளோபுலின் மருந்துகளின் லேபிளிலும் ரத்தக்கட்டி பற்றிய எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போடச் சொன்னது. புரதம் கூடும்போது ரத்தம் கொஞ்சம் கெட்டிப்படுகிறது. வயதானவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், முன்பு மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். கால் அசைக்க முடியாத ஜி.பி.எஸ். நோயாளி இந்தப் பட்டியலில் தானாகவே வந்துவிடுகிறார். ஒரு பக்கக் கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது இவற்றில் எதுவாக இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

சிறுநீரகப் பாதிப்பு பெரும்பாலும் பதிவானது, மருந்து கெடாமல் இருக்க சுக்ரோஸ் சேர்க்கப்பட்ட வகைகளில். வேறு பொருட்களைச் சேர்த்த வகைகள் இருக்கின்றன. சிறுநீரகக் கோளாறு, நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்கள், 65 வயதைக் கடந்தவர்கள் விஷயத்தில் "இதில் சுக்ரோஸ் இருக்கிறதா?" என்று கேட்பது நியாயமான கேள்விதான், டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஏற்றுவதற்கு முன் கிரியாட்டினின் பார்ப்பதும், உடம்பில் நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்வதும் அடிப்படை. அதே நேரம் இதயம் பலவீனமானவர்களுக்கு 'நிறையத் தண்ணி குடிங்க' என்ற பொது அறிவுரை பொருந்தாது; அவர்களுக்கு உள்ளே போகும் திரவத்தையே அளந்துதான் கொடுக்க வேண்டும்.

பலருக்கும் தெரியாத ஒன்று சர்க்கரை மீட்டர் விவகாரம். சில பிராண்டுகளில் மால்டோஸ் சேர்க்கப்பட்டிருக்கும். வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கும் சில வகை ஸ்ட்ரிப்புகள் மால்டோஸையும் குளுக்கோஸாகவே எண்ணி, சர்க்கரை அதிகம் என்று காட்டிவிடும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால், உண்மையில் ஏற்கெனவே குறைந்திருக்கும் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடும். 2009-ல் எஃப்.டி.ஏ. இதைப் பற்றித் தனியாக எச்சரித்தது. தமிழ்நாட்டில் தெருவுக்கு நாலு பேருக்கு சர்க்கரை இருக்கிறது. மால்டோஸ் உள்ள மருந்து ஏற்றப்படும்போது இன்சுலின் அளவை லேப் முடிவை வைத்து மாற்றுவதுதான் பாதுகாப்பு.

'அடுத்தவர் ரத்தத்தில் இருந்து வருகிறதே, தொற்று வராதா?' என்ற பயமும் உண்டு. காரணம் இல்லாத பயம் இல்லை அது. 1993-94 காலகட்டத்தில் அமெரிக்காவில் ஒரு பிராண்ட் வழியாக ஹெபடைடிஸ் சி பரவி, அந்த மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகு வைரஸ்களை அழிக்கும், வடிகட்டும் கட்டங்கள் தயாரிப்பில் கட்டாயமாகின. இன்று அந்த ஆபத்து மிக மிகக் குறைவு. ஒரு வேடிக்கை என்னவென்றால், மருந்து ஏற்றிய பிறகு ஹெபடைடிஸ் பி ஆன்டிபாடி பரிசோதனை செய்தால் சில நேரம் 'பாசிட்டிவ்' வரும். அது தானம் கொடுத்தவர்களின் ஆன்டிபாடி. நோயாளிக்கு நோய் வந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. சில வாரங்களில் மறைந்துவிடும். தேவையான டெஸ்டுகளுக்கு ரத்தத்தை முன்பே எடுத்து வைத்துவிட்டால் இந்தப் பதற்றமே இருக்காது.

இதே காரணத்தால் குழந்தைகளின் தடுப்பூசிக் கணக்கும் மாறும். கடன் வாங்கிய ஆன்டிபாடிகள் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும்போது தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மை தடுப்பூசிகள் சரியாக வேலை செய்யாது. கவாசாகிக்கு 2 கிராம் டோஸ் போட்ட குழந்தைக்கு இவற்றை 11 மாதங்கள் தள்ளிப்போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கார்டைப் பார்த்து "ஏன் எம்.ஆர். போடல?" என்று கேட்டால் பதில் சொல்ல, தடுப்பூசிக் கார்டிலேயே ஐ.வி.ஐ.ஜி. போட்ட தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போலியோ சொட்டு மருந்துக்கு இந்தத் தடை கிடையாது.

ஒரு தாள் போதும்

மேலே சொன்ன எதற்கும் புதிய இயந்திரமோ பெரிய பட்ஜெட்டோ தேவைப்படவில்லை. மெதுவாக ஏற்றுவது, கூட இருந்து பார்ப்பது, என்ன நடந்தது என்று எழுதி வைப்பது, வீட்டுக்குப் போகும்போது தமிழில் ஒரு தாள் கொடுப்பது. ஆங்கிலத்தில் அச்சடித்த டிஸ்சார்ஜ் சம்மரியில் 'வாட்ச் ஃபார் அட்வர்ஸ் ரியாக்‌ஷன்ஸ்' என்று ஒரு வரி இருப்பதால், திருவண்ணாமலைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் ஒரு அப்பாவுக்கு எதுவும் விளங்கப்போவதில்லை. காப்பீட்டுத் திட்டங்கள் மருந்தின் விலையைக் கணக்குப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், இந்தக் கண்காணிப்பு நடந்ததா என்றும் கேட்டால் மருத்துவமனைகள் தாமாகவே வழிக்கு வரும்.

மாதா மாதம் இந்த மருந்தை நம்பி வாழும் குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம். டெண்டர் மாறும்போது பிராண்டும் மாறும். போன மாதம் வராத நடுக்கம் இந்த மாதம் வரலாம். எனவே ஒரு நோட்டில் தேதி, அன்றைய எடை, பிராண்ட் பெயர், பேட்ச் எண், எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடிந்தது, நடுவில் என்ன ஆனது என்று எழுதி வரலாம். குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளை மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டாலும் சரி.

பக்கவிளைவு வந்தால் அரசிடம் பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் நடத்தும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, நோயாளியோ குடும்பத்தினரோ நேரடியாகத் தெரிவிக்கலாம். நோயாளிகளுக்கான படிவம் தமிழிலும் உண்டு. கூப்பிடும்போது முதலில் தேவைப்படுபவை, நோட்டில் எழுதி வைத்த அந்தப் பிராண்ட் பெயரும் பேட்ச் எண்ணும்தான்.